அப்பாவின் ஒரு நாள் கூலியை எவ்வளவு என்று எழுதுவது? பொன்னேரிப் பக்கம் 2 ஏக்கர் சம்பா, ஒரு கணக்குச் சந்தேகம்

தண்டையார்பேட்டை_2ஏக்கர்:
வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன், ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. சொந்த ஊர் பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம். ஊரில் அப்பா (61 வயது), அம்மா, தம்பி. தம்பி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறான். நிலம் 2 ஏக்கர், ஒரு போர், இரண்டு மாடு. 2025 பொங்கல் முடிந்த கையோடு சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வந்தோம்.

இந்த முறை நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். விளைந்தது 42 குவிண்டால். சன்ன ரகம், குவிண்டால் 2,450. சாப்பாட்டுக்கு எடுத்து வைத்ததையும் அதே விலையில் சேர்த்தால் 1,02,900 ரூபாய். உழவு, விதை, உரம், நடவு, களை, அறுப்பு மெஷின், வண்டி வாடகை என்று கையை விட்டுப் போனது 58,000. மிச்சம் 44,900. மோட்டாருக்குக் கரண்ட் இலவசம் என்பதால் அந்தச் செலவு இல்லை.

இதுவரை சந்தோஷம். அப்புறம் வீட்டு ஆட்களின் உழைப்பை எழுதினேன். அப்பா 95 நாள் வயலில் இறங்கியிருக்கிறார், அம்மா 40 நாள். எங்கள் ஊரில் ஆண் கூலி 700, பெண் கூலி 350. ஆக 66,500 + 14,000 = 80,500. அதைக் கழித்தால் 35,600 ரூபாய் நஷ்டம்!

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இரண்டு பேரும் கூலிக்குப் போயிருந்தால் அந்த 80,500 கையில் நின்றிருக்கும். அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். என் கணக்கில் எங்கே தப்பு?

எர்ணாவூர்_எக்ஸ்பிரஸ்:
தப்பே இல்லை தலைவரே. பிளாட் போட்டு விற்றுவிடுங்கள். பொன்னேரி ரோட்டில் வயல் எது, மனை எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை:
தம்பி, கூட்டல் கழித்தல் சரியாகத்தான் இருக்கிறது. 700 என்ற எண்தான் இடிக்கிறது. அப்பாவை 95 நாளும் 700 ரூபாய்க்குக் கூப்பிட யார் காத்துக்கொண்டிருந்தார்கள்?

முதலில் ஒரு விஷயம். குடும்ப உழைப்புக்கு விலை போடுவது உங்கள் கண்டுபிடிப்பு இல்லை, அரசும் போடுகிறது. வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் கைச்செலவை ஏ2 என்றும், அதோடு குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் ஏ2+எஃப்எல் என்றும் சொல்லும். 2024-25 பருவத்தில் சாதா ரக நெல்லுக்கு அது குவிண்டாலுக்கு 1,533 ரூபாய். அதன் ஒன்றரை மடங்குதான் மத்திய அரசின் ஆதரவு விலையான 2,300. சொந்த நிலத்தின் வாடகை, முதலின் வட்டி எல்லாம் சேர்ந்த சி2 செலவின் மேல் ஒன்றரை மடங்கு வேண்டும் என்பதுதான் விவசாயிகள் விடாமல் கேட்டுவரும் கோரிக்கை.

ஆனால் இந்த மாதிரிக் கணக்கு குடும்ப விவசாயத்துக்குப் பொருந்துமா என்று நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். ரஷ்யாவின் வேளாண் பொருளாதார அறிஞர் சயானோவ். அங்கிருந்த விவசாயக் குடும்பங்களின் வரவு செலவுகளை வைத்துக்கொண்டு அவர் சொன்னது: கூலிக்கு ஆள் வைக்காத வீட்டில் ‘கூலி’ என்று ஒரு எண்ணே கிடையாது, அது இல்லாமல் ‘லாபம்’ என்ற எண்ணும் கிடையாது. அந்தக் குடும்பம் பார்ப்பது, இன்னும் ஒரு நாள் குனிந்து நிமிர்ந்தால் உடம்புக்கு எவ்வளவு வலி, அந்த நாளால் வீட்டுக்கு எவ்வளவு சோறு என்பதை மட்டும்தான். சாப்பிடும் வாய் கூடினால் வலியைப் பார்க்காமல் உழைப்பார்கள். பிள்ளைகள் தலையெடுத்தால் கொஞ்சம் உட்காருவார்கள். ஸ்டாலின் காலத்தில் அவரைக் கைது செய்து 1937ல் சுட்டுக் கொன்றார்கள். எழுதியது மிஞ்சியது.

எர்ணாவூர்_எக்ஸ்பிரஸ்:
பெரியவர் கிளாஸ் ஆரம்பித்துவிட்டார். நான் டீ சொல்லிவிட்டு வருகிறேன்.

கணக்குப்பிள்ளை:
எனக்கும் ஒன்று, சர்க்கரை இல்லாமல். முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்த கை, சும்மா இருக்காது.

தண்டையார்பேட்டை_2ஏக்கர்:
ஐயா, 700க்குக் கூப்பிட ஆள் இல்லை என்பது சரிதான். நடவுக்கு முன்னால் சேறு கலக்கவும் வரப்பு வெட்டவும் கூப்பிடுவார்கள், எல்லாம் சேர்த்து பத்துப் பதினைந்து நாள் வரும். அதுவும் அப்பாவைவிட இளவட்டமாகத்தான் தேடுவார்கள். ஆனால் மணலியில் கன்டெய்னர் யார்டுகளில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதே? எங்கள் ஊரிலிருந்தே நாலு பேர் போகிறார்கள். மாதம் 12,000 என்றால் ஒரு நாளைக்கு 400 ஆயிற்று.

மீஞ்சூர்_மடை:
அண்ணே, வாட்ச்மேன் வேலைக்கு மாதம் முப்பது நாளும் போக வேண்டும், ஒரு ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். உங்கள் அப்பாவின் 95 நாளைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முழு நாள் எத்தனை? காலையில் போய் மடை திருப்பிவிட்டு, வரப்பைச் சுற்றி நண்டு வளை அடைத்துவிட்டு, எட்டு மணிக்கு வீட்டில் பல் தேய்க்கும் நாள் எத்தனை? என் அப்பா கணக்கில் பாதிக்கு மேல் இரண்டாவது ரகம்தான். அந்த இரண்டு மணி நேரத்தை எந்தக் கம்பெனியும் வாங்காது. வயல் மட்டும்தான் வாங்கும்.

அதேபோல, வயல் கேட்கும் பத்து நாளில் யார்டு லீவு கொடுக்காது. இரண்டும் ஒன்றோடொன்று கோக்காத பல் சக்கரம்.

தண்டையார்பேட்டை_2ஏக்கர்:
நோட்டைத் திரும்பப் பார்த்தேன். முழு நாள் 31. மீதி 64ம் ‘தண்ணீர் பார்த்தது’, ‘மருந்து’, ‘ஆடு விரட்டியது’. நான் எல்லாவற்றையும் ஒரு நாள் என்று போட்டுவிட்டேன்.

ராயபுரம்_ராணி:
தம்பி, அப்பாவின் ஆட்டு விரட்டலே கணக்கில் வந்துவிட்டது. அம்மாவுக்கு 40 நாள்தானா? நடவு ஆட்களுக்குப் பதினோரு மணி டீயும் கூழும் யார் கொண்டுபோனது? இரண்டு மாட்டுக்கும் காலையும் மாலையும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவது யார்? நெல்லைக் காயவைத்து, மழை வந்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டது?

நானும் பழவேற்காடு பக்கத்துப் பெண்தான், கல்யாணமாகி ராயபுரம் வந்தவள். கூலிக்குப் போவதா வேண்டாமா என்பதை ஆண்கள் ஊர்க் கூலியைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பெண்களுக்கு அடுப்பு, மாடு, மாமியார் மூன்றும் முடிந்த பிறகு மிஞ்சுகிற நேரம்தான் கையிருப்பு. 2019ல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்களில் அப்படி ஈடுபட்டவர்களுக்கு 97 நிமிடம். ஐந்து மணி நேரம் போன பிறகு உங்கள் அம்மா எந்த யார்டுக்குப் போவார்?

தண்டையார்பேட்டை_2ஏக்கர்:
அக்கா, ஒத்துக்கொள்கிறேன். மாட்டை நான் தனிக் கணக்கு என்று விட்டுவிட்டேன். அம்மா நூறு நாள் வேலைக்கும் போகிறார். இந்த வருடம் (2024-25) 319 ரூபாய். வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரையில் என்பதால் இடையில் வந்து மாட்டைப் பார்த்துவிட்டும் போக முடிகிறது.

எர்ணாவூர்_எக்ஸ்பிரஸ்:
ஆ, வந்தது பாருங்கள். அந்த நூறு நாள் வந்த பிறகுதான் நடவுக்கு ஆள் இல்லை. என் மாமனார் ஒவ்வொரு நடவுக்கும் பேசுகிற வசனம் இது.

ராயபுரம்_ராணி:
உங்கள் மாமனார் ஆணுக்கு 700, பெண்ணுக்கு 350 கொடுக்கிறவராக இருப்பார். நூறு நாள் வேலையில் இரண்டு பேருக்கும் ஒரே கூலி. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வருகிறவர்களின் மனித நாட்களில் நூற்றுக்கு 85க்கு மேல் பெண்களுடையது. ஆண்கள் ஏன் வரவில்லை? அவர்களுக்கு 319 நஷ்டம். பெண்களுக்கு 319ம் 350ம் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஏரிக்கரையில் முதுகு முறிய நாற்று நட வேண்டாம், கடன்காரன் முகத்தில் விழிக்கவும் வேண்டாம். இதைச் சோம்பேறித்தனம் என்கிறவர் ஒரு நாள் சேற்றில் இறங்கிப் பார்க்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
ராணி அம்மா சொன்னதோடு இரண்டு தகவல். 2005ல் சட்டம், 2006ல் 200 மாவட்டங்களில் தொடக்கம், 2008ல் நாடு முழுக்க. இப்படிப் படிப்படியாக வந்ததால், வந்த மாவட்டத்தையும் வராத மாவட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. வேலை அதிகம் இல்லாத வறண்ட மாதங்களில், திட்டம் வந்த இடங்களில் தனியார் கூலியும் ஏறியது. அந்தத் திட்ட வேலைக்கே போகாத வீட்டுக்கும் அதனால் பேரம் பேசும் தெம்பு வந்தது. இன்னொன்று, நூறு நாள் என்பது தலைக்கு இல்லை, குடும்பத்துக்கு. வருடத்தின் மீதி 265 நாளும் உங்கள் மாமனாருடையதுதான், கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

படியாள்_பேரன்:
இந்த இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொல்கிறேன்.

வியாசர்பாடியில் பிறந்தவன் நான். என் தாத்தா கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் படியாள். படியில் அளந்து கொடுக்கும் நெல்தான் கூலி. பாட்டி அந்த வீட்டு மாட்டுக்கொட்டகை. தாத்தா ஒரு கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு என் பெரியப்பா எட்டு வயதில் மாடு மேய்க்கப் போனார். ‘உழைப்பை எங்கே விற்பது’ என்று உட்கார்ந்து யோசிக்கிற வாய்ப்பு நிலம் உள்ள வீட்டுக்குத்தான். உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்குப் போக மாட்டார். எங்கள் தாத்தா போகாவிட்டால் ஆள் அனுப்புவார்கள்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. அதற்குப் பின்னும் திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் இருளர் குடும்பங்களை மீட்ட செய்தி எத்தனை முறை வந்தது. எல்லாவற்றுக்கும் தொடக்கம் முன்பணம். பஞ்ச மாதத்தில் அரிசிக்கு வாங்கிய பணம், வேலை மாதத்தில் பேரம் பேசும் உரிமையைத் தின்றுவிடும். அதனால் நோட்டில் ‘ஊர்க் கூலி 350’ என்று எழுதும்போது, அந்த 350 யாருடைய கை வறண்ட நேரத்தில் பேசி முடித்தது என்றும் பக்கத்தில் எழுதுங்கள்.

கோபமாகச் சொல்லவில்லை. உங்கள் வயலில் நட்ட அந்தப் பெண்களும் ஒரு குடும்பம்தான், அவர்கள் வீட்டிலும் இதே கணக்கு ஓடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை_2ஏக்கர்:
அண்ணே, இதை நான் யோசித்ததே இல்லை. நடவுக் கூலியைக் ‘கொத்து’ பேசி ஆட்களைக் கூட்டி வருகிற அக்காவிடம் மொத்தமாகக் கொடுத்தேன். அவரும் ஆடி மாதமே அம்மாவிடம் 2,000 வாங்கியிருந்தார். அம்மா அதை உதவி என்றுதான் சொன்னார்.

படியாள்_பேரன்:
உதவியும்தான். இரண்டுமே உண்மை.

கணக்குப்பிள்ளை:
பேரன் சொன்னதை ஆய்வும் சொல்கிறது. ஹைதராபாத் பக்கம் பட்டாஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1975லிருந்து சில கிராமங்களின் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தது. அந்தத் தரவில், தன் வயல் மட்டும் கெட்டுப்போன வீட்டில் ஆண்கள் வெளிக்கூலிக்குப் போகும் நேரம் கூடியதைக் கண்டார்கள். பயிர்க் காப்பீடு இல்லாத இடத்தில் உடம்புதான் காப்பீடு. ஆனால் மழை பொய்த்து ஊர் முழுக்க வயல் கெட்டால்? எல்லோரும் ஒரே நாளில் கூலிச் சந்தைக்கு வருவார்கள், கூலி விழும். வங்கியும் கைக்கெட்டாமல், வெளியூர் போகவும் வழியில்லாத பகுதிகளில் இன்னும் ஆழமாக விழும் என்பதும் இந்திய மாவட்டங்களை வைத்து நிறுவப்பட்டது. நிலம் உள்ளவனுக்கு அந்த வருடம் ஆள் மலிவு. இல்லாதவனுக்கு இரண்டு பக்கமும் அடி.

பொன்னேரிக்கு மின்சார ரயில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். மழை தவறிய வருடம் கும்மிடிப்பூண்டி வண்டியில் கூட்டம் கூடும், ஊர்க் கூலி அந்த அளவுக்கு விழாது.

ஓட்டேரி_நூல்கண்டு:
மின்சார ரயிலுக்கு முன்னாலும் இந்தப் போக்குவரத்து இருந்தது ஐயா. என் கொள்ளுத்தாத்தா பெரம்பூரில் பின்னி மில். ஊர் வந்தவாசிப் பக்கம். அறுப்பு வந்தால் மில்லுக்கு மட்டம். அபராதம், சம்பள வெட்டு எதுவும் நிற்க வைக்கவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். 1918ல் இந்த மில் ஆட்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. 1931ல் தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன் அறிக்கை கொடுத்தபோது, ஆலைத் தொழிலாளிக்கு ஊரோடு இருக்கும் தொடர்பை அறுக்காமல் முறைப்படுத்துங்கள் என்றே சொன்னது. ஆலை மூடினாலும் உடம்புக்கு முடியாமல் போனாலும் ஊர்தான் தாங்கும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. மில் 1996ல் மூடியபோது எங்கள் வீட்டில் ஊர் நிலம் விற்று இருபது வருடம் ஆகியிருந்தது. அது வேறு கதை.

மீஞ்சூர்_மடை:
ஊர் தாங்கும் என்பதிலும் ஒரு ஓட்டை. எங்கள் பக்கம் ஒரு காலத்தில் சென்னையின் குடிநீருக்கு விவசாயக் கிணற்றுத் தண்ணீரை விலைக்கு எடுத்தார்கள். எங்கள் அப்பாவும் கொடுத்தார். பருவம் பார்க்காமல் பணம் வந்தது, உழைப்பு பூஜ்யம். நிலம் தரிசு. அவரைப் பொறுத்தவரை அதைவிட நல்ல கணக்கு கிடையாது, திண்ணையில் உட்கார்ந்து மோட்டார் சத்தம் கேட்டால் போதும். அந்த நிலத்தில் நட்டு, களை எடுத்து, அறுத்த பத்துக் குடும்பத்துக்குத் தண்ணீர்ப் பணத்தில் பங்கு இல்லை. அவர்கள்தான் முதலில் ரயில் ஏறினார்கள். அப்புறம் கடல் நீர் உள்ளே ஏறி, எங்கள் கிணறே உப்பு. இப்போது விவசாயம் செய்ய நினைத்தாலும் ஆளும் இல்லை, தண்ணீரும் இல்லை.

எர்ணாவூர்_எக்ஸ்பிரஸ்:
சரி, நான் சீரியஸாகவே ஒன்று கேட்கிறேன். ஆள் இல்லை என்று மாமனார் அழுகிறார். வேலை இல்லை என்று ஒடிசாவிலிருந்து சூளைக்கு வருகிறார்கள். நாட்டில் ஆள் அதிகமா, குறைவா?

கணக்குப்பிள்ளை:
எந்த மாதம் என்று கேட்க வேண்டும். 1954ல் ஆர்தர் லூயிஸ் என்ற பொருளாதார அறிஞர், விவசாயத்தில் தேவைக்கு மேல் ஆள் இருக்கிறது, எடுத்தாலும் விளைச்சல் குறையாது என்ற கருத்தை வைத்தார். இன்னொரு பொருளாதார அறிஞரான ஷுல்ட்ஸ் மறுத்து, 1918-19 விஷக்காய்ச்சலில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் மக்கள் இறந்த பிறகு சாகுபடிப் பரப்பு குறைந்ததே என்றார். அந்த வாதத்தை அமர்த்தியா சென் எதிர்த்தார், சாவும் ஊரைவிட்டுப் போவதும் ஒன்றல்ல என்று. லூயிசுக்கும் ஷுல்ட்சுக்கும் 1979ல் ஒரே நோபலைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள், அந்தச் சண்டை அப்படி.

நீங்கள் சொன்ன ஒடிசாவிலேயே சமீபத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. 60 கிராமங்களில் சிலவற்றில் கூலி ஆட்களில் கணிசமான பேரைத் தற்காலிகமாக வெளி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வேலை குறைந்த மாதங்களில் ஊர்க் கூலி அசையவே இல்லை, போனவர்களின் வேலையை இருந்தவர்கள் நிரப்பிவிட்டார்கள். நடவு, அறுப்பு மாதங்களில் செய்தபோது கூலி ஏறியது. ஆக, உங்கள் மாமனார் தை மாதத்தில் சொல்வதும் உண்மை, சூளைக்கு வருகிறவர் தன் ஊரில் வேலையில்லா மாதத்தில் சொல்வதும் உண்மை. அந்தப் பரிசோதனையில் தெரிந்த இன்னொன்று தண்டையார்பேட்டைத் தம்பிக்கு: வேலை குறைந்த மாதத்தில் ‘சொந்த வேலை’ பார்க்கிறவர்களில் ஒரு பங்கு, வெளியில் வேலை கிடைக்காததால்தான் சொந்த வேலை பார்க்கிறார்கள்.

தம்பி, ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் எப்போதாவது திடீரென்று ஆள் கூடியதுண்டா? அப்போது அந்த 2 ஏக்கரில் வேலை கூடியதா?

தண்டையார்பேட்டை_2ஏக்கர்:
கூடியது ஐயா. 2020. ரயில் நின்றதும் நானும் மனைவியும், அக்கா குடும்பமும் ஊருக்குப் போய்விட்டோம். வேலை செய்யக்கூடிய கை ஐந்து கூடுதல். சொர்ணவாரிப் பருவ நெல்லுக்கு வழக்கமாகக் களைக்கொல்லி அடிப்பார் அப்பா, அந்த வருடம் கையால் எடுத்தோம். அரை ஏக்கரில் கீரையும் வெண்டையும் போட்டார், சைக்கிளில் தெருத் தெருவாக விற்றோம். மாமா வங்கியில் வேலை பார்ப்பவர், வெண்டைக்காய் பறித்துக் கை அரித்து இரண்டு நாள் தூங்கவில்லை. ரயில் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் கிளம்பிவிட்டோம். மறு வருடம் கீரை இல்லை, களைக்கொல்லி வந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் பொருளாதாரக்காரர்கள் தேடுவார்கள். கூலிச் சந்தை குறையில்லாமல் இயங்கினால், வீட்டில் எத்தனை பேர் என்பது வயலில் எவ்வளவு உழைப்பு போகிறது என்பதை மாற்றக் கூடாது. குறைந்தால் ஆள் வைப்பார்கள், கூடினால் மிச்சப் பேர் வெளியே போவார்கள். நிலத்துக்குத் தேவையானது தேவையானதுதான். உங்கள் வீட்டில் ஆள் கூடியதும் வேலை கூடியது, ஏனென்றால் அந்த வருடம் வெளியே கதவு சாத்தியிருந்தது. அந்த ஐந்து பேரின் ஒரு நாளுக்கு அன்று விலை ஒரு கட்டு கீரை. ரயில் வந்ததும் விலை ஏறியது, அப்பா களைக்கொல்லிக்கு மாறினார். படிக்காத மனிதர் என்று நினைக்காதீர்கள், எண் எழுதாமலே சரியான விலையில் வாங்கியிருக்கிறார்.

ராயபுரம்_ராணி:
அப்படியென்றால் ஒவ்வொருவருக்கும் வேறு விலை எழுதித் திரும்பக் கணக்குப் போடுங்கள் தம்பி. உங்களையும் சேர்த்து. அறுப்புக்கு யார் மெஷின் பின்னாலேயே நின்றது?

தண்டையார்பேட்டை_2ஏக்கர்:
நேற்று ஞாயிறு ஊருக்குப் போனேன். புது நோட்டு. அப்பாவின் முழு நாள் 31ல், வெளியில் கூப்பிட்டிருப்பார்கள் என்று அவரே ஒத்துக்கொண்டது 12. அதை 700ல் போட்டேன், 8,400. மீதி 19 நாளுக்கு 200, ‘அது கூட யார் கொடுப்பார்’ என்றார், 3,800. தண்ணீர் பார்த்த 64 காலைகளுக்கு விலை கேட்டேன். ‘அதுக்கு என்னடா விலை, காலையில் வேற எங்க போறது’ என்றார். பூஜ்யம். அம்மாவின் 40ல் நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வயலுக்கு வந்தது 9 நாள், 319ல் 2,871. மீதி 31 நாளுக்கு அவரே சொன்ன விலை 150, ஆக 4,650. மொத்தம் 19,721. மிச்சம் இருந்த 44,900ல் கழித்தால் 25,179 லாபம். அம்மாவின் டீயும் கூழும் இன்னும் இதில் இல்லை அக்கா, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அப்பா இந்த முறை நோட்டைக் கடைசி வரைக்கும் பார்த்தார். ‘நீ லீவு போட்டு வந்த ஆறு நாள் எங்க?’ என்று கேட்டார். எழுதவில்லை. கிடங்கில் ஒரு நாள் லீவுக்கு 750 பிடிக்கிறார்கள்.

மீஞ்சூர்_மடை:
4,500 ஆயிற்று. சரி, குத்தகைப் பேச்சு என்ன ஆயிற்று? அடுத்த போகம் நவரை போடுகிறாரா?

தண்டையார்பேட்டை_2ஏக்கர்:
நாற்று விட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறதாம். நான் முதல் நோட்டைக் காட்டிய அன்றைக்கே விதை ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த வாரம் நடவு, செவ்வாய்க்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன்.